வெள்ளவத்தை வீட்டுப் பியூஸ் பெட்டியும் எங்கள் அக்காவும்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு வந்து இம்மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, உங்களுக்கு ஒழுங்கான ஒரு கட்டுரை தரவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். போன கிழமை கேட்ட ஒரு கதை என் தலையைக் குழப்பிவிட்டது. தங்கை எழுதுவது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கொட்டாஞ்சேனையில், துறைமுக லிகிதர் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். அம்மா இல்லாத குறை தெரியாமல் எங்களை வளர்த்தவர் அவரே. அத்தானைக் கைப்பிடித்து வெள்ளவத்தைக்கு வந்தபின், யுத்த காலத்தில், வெளிநாடு போகக் காத்திருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவருக்கு மேல்மாடி அறையை வாடகைக்குக் கொடுத்தார். தம்பிக்கு முட்டு வருத்தம். மழை பெய்தால் அவர் மூச்சிழுப்பது கீழே கேட்கும்.

அந்த நாட்களில்தான் படிக்கட்டின் கீழிருந்த பழைய பியூஸ் பெட்டியில், மேல்மாடிக்குரிய பீங்கான் பியூஸ் கறுக்கத் தொடங்கியது. மின்சாரத்தில் அத்தான் அறிந்தது சுவிட்சைப் போடுவதும் நிறுத்துவதும்தான். ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு ஆணியடி மட்டும் கறுத்தா ஆணி லூஸ் எண்டு விடலாம். இது வயர் போற இடம் முழுக்கக் கறுத்திருக்கு. மேல இருக்கிறவன் ஏதோ பெரிசா கறண்ட் இழுக்கிறான்."

"சும்மா இருங்கோ. கடல் காத்துக்கு இஞ்ச எதுதான் கறுக்கேல்ல? உங்கட முகமும்தான்," என்றார் அக்கா.

நுகேகொடையிலிருந்து வந்த, வயரிங் வேலை பார்க்கும் சிங்கள பாஸ், இருவர் சொன்னதற்கும் "வென்ன புளுவன், வென்ன புளுவன்" என்று, இருக்கலாம் இருக்கலாம் என்று தலையாட்டி, தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். நானும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். எனக்குக் கறுப்பு மட்டும்தான் தெரிந்தது.

காலமும் கெட்ட காலம். அத்தானின் சந்தேகம் கறண்டோடு நிற்கவில்லை. "மேல என்ன செய்யிறானோ, ஆருக்குத் தெரியும்?" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்கினார்.

ஒரு சுற்றிவளைப்பில் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் வந்து பொறுப்புக் கையெழுத்து வைத்தால் விடலாம், இல்லாவிட்டால் மேலிடத்துக்கு அனுப்புவோம் என்றது பொலிஸ். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் எப்போது திரும்புவார்கள் என்று எவருக்கும் தெரியாது. அத்தான் அசையவில்லை.

"வீட்டுக்குள்ள என்ன செய்யிறான் எண்டே தெரியாதவனுக்கு நான் கையெழுத்து வைக்கிறதோ? எனக்கென்ன விசரே?"

அவரைக் குறைசொல்ல மாட்டேன். எங்கள் எல்லோருக்கும் பயம் இருந்தது. அக்கா சண்டை பிடிக்கவில்லை. மெயினை நிறுத்தி, பியூஸைக் கழற்றி, தேங்காய்ப் பொச்சாலும் சாம்பலாலும் தேய்த்து வெள்ளையாக்கினார்.

"இஞ்ச பாருங்கோ. பிள்ளை பொலிஸில. அறை பூட்டிக் கிடக்கு. இனியும் இது கறுத்தா பழி அவனில இல்ல. சரியோ?"

"சரி, பாப்பம்."

மறுநாள் அத்தான் வேலையால் வந்து பெட்டியைத் திறந்தார். பியூஸ் கறுத்திருந்தது.

"ஆளில்லாத அறை கறண்ட் இழுக்குதோ? கடவுளே, அதுவும் ஒரு தாய் பெத்த பிள்ளையெல்லோ!" என்று அக்கா வாய்விட்டு அழுதார். அத்தான் சப்பாத்தைக் கழற்றாமலே பொலிஸுக்குப் போனார். இருட்டுவதற்குள் தம்பி வீடு வந்து சேர்ந்தார்.

சீனி வருத்தத்தால் இளைத்து, சென்ற ஆண்டு எங்கள் கைகளிலேயே அக்கா கண்மூடினார். முகம் சுளிக்காமல் வைத்தியம் பார்த்தவர்கள், பெட்டி சுமந்த அயலவர்கள், எங்களோடு இருந்து செபித்த பங்கு மக்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பூசைக்கென்றே கனடாவிலிருந்து வந்த அந்தத் தம்பிக்கும்தான். போன கிழமை நாங்கள் பியூஸ் கதையைச் சொல்லிச் சிரித்தபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அத்தான், என்னட்ட ஹீட்டர் இருந்தது. எனக்குச் சுடுதண்ணி வேணுமெண்டு அக்காதான் வாங்கித் தந்தவ. உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டவ. கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு வச்சிருந்தனான். நான் பொலிஸால வந்து, அக்காட்ட சாவி வாங்கி அறையைத் திறந்தா, அது வாளித் தண்ணிக்குள்ள கிடக்குது. தண்ணி அப்பவும் சூடு."

அன்று அறைச் சாவி அக்காவிடம் மட்டுமே இருந்தது. அப்படியானால் கறுக்க வைத்தது ஹீட்டர். அன்று பகல் முழுக்க அதைப் போட்டு வைத்தது அக்கா! இதை அவருடைய எந்தக் குணத்தில் சேர்த்து எழுதுவது? புண்ணியமா, பாவமா? பங்குத் தந்தையைக் கேட்கவும் பயமாக இருக்கிறது.



"அப்ப நான் சொன்னது சரி," என்றார் அத்தான். பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். "நல்ல காலம், அண்டைக்கு எனக்கு இது தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா நான் உன்னைக் கூட்டிவரப் போயிருக்க மாட்டன்."