புரட்டிப் படுக்க வைக்க ஓர் ஆள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் ஏஞ்சலுக்குப் பதினான்கு வருஷ வேலை. மிஷினிலிருந்து சூடாக விழும் மூடிகளின் விளிம்பில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதை பிளேடால் சீவி எடுக்க வேண்டும். காலை ஷிப்ட் முடிந்து, ஊத்துக்கோட்டை ரோட்டில் ஊர் முனையில் கம்பெனி பஸ் அவளை இறக்கிவிடும்போது மணி மூன்றாகியிருக்கும். அங்கிருந்து காலனிக்குப் போகும் வழியில்தான் குப்புராஜின் வீடு.

அந்த வீட்டின் பக்கம் முகத்தைத் திருப்பாமல்தான் பத்து வருஷமாக நடந்துகொண்டிருந்தாள்.

காரணம் ஊருக்கே தெரியும். ஏஞ்சலின் அம்மா சின்னப்பொண்ணு ஒரு மழைக்காலத்தில் இறந்தாள். கல்லறைக்குப் போகும் பாதை முழுகிக் கிடந்தது. மேடாக இருந்தது குப்புராஜின் கழனி வரப்பு மட்டும்தான். அந்தக் கழனியில் முப்பது வருஷம் நாற்று நட்டவள் சின்னப்பொண்ணு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களை குப்புராஜ் வரப்பில் நின்று மறித்தார். "நெல்லு நட்டுக்கீது. பொணத்த எடுத்துக்கினு என் கயினில காலு வெக்கக் கூடாது," என்றார். கெஞ்சிப் பார்த்தார்கள். அவர் நகரவில்லை. கடைசியில் மார்பளவு தண்ணீரில், ஓடைக்குள் இறங்கித்தான் தூக்கிப் போனார்கள். நடு ஓடையில் ஒருவர் கால் வழுக்கிப் பெட்டி சரிந்தது. தலைமாட்டைப் பிடித்திருந்த ஏஞ்சலின் தம்பி பென்னி பெட்டியோடு சேர்ந்து முழுகி எழுந்தான். பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. கரையில் நின்ற ஏஞ்சல் அதைப் பார்த்தாள். குப்புராஜும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

அந்த குப்புராஜுக்குத்தான் போன சித்திரையில் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. செய்தி காலனிக்கு வந்தபோது, "கர்த்தரு பாத்துக்கினுதான் கீறாரு," என்றான் பென்னி. ஏஞ்சல் ஆமென் சொல்லவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஏதோ இனித்தது. அந்த இனிப்பை நினைத்து அன்றைக்கு ஜெபத்தில் அவளால் வாய் திறக்க முடியவில்லை.

மாதங்கள் ஓடின. குப்புராஜ் வீட்டுக் கொடியில் தினமும் நாலைந்து படுக்கை விரிப்புகள் காயும். பார்க்காமல் நடந்தாலும் அது கண்ணில் படும். மார்கழியில் ஒரு வாரம், மூன்று நாள் சேர்ந்தாற்போல் கொடி வெறுமையாகக் கிடந்தது. நான்காம் நாள் அந்த வீட்டைக் கடக்கும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "யாராவது வாங்களேன்." வெகுநேரம் கத்திக் கத்தி ஓய்ந்த குரல்.

ஏஞ்சல் நின்றுவிட்டாள். 'ஏசப்பா, இந்த ஊடா? வேற ஊடே கெடைக்கலியா உனக்கு?' என்று மனசுக்குள் சண்டை போட்டாள். அக்கம்பக்கத்து வீடுகள் இரண்டும் பூட்டிக் கிடந்தன. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள். அவள் குடும்பத்தில் யாரும் அதுவரை தாண்டாத வாசற்படி அது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே குப்புராஜ் விழுந்து கிடந்தார். அவருடைய மனைவி குணசுந்தரி தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். காலை ஏழு மணிக்கு விழுந்தவரைத் தூக்க முடியாமல், அவரை விட்டு எழுந்து போகவும் முடியாமல், எட்டு மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறாள். அறையின் நாற்றம் ஆளைத் தள்ளியது.

"நான் சின்னப்பொண்ணு மக," என்றாள் ஏஞ்சல்.

"தெரியும்," என்றாள் குணசுந்தரி.

ஏஞ்சல் ஒரு பழைய புடவையை நாலாக மடித்து அவர் முதுகுக்கடியில் செலுத்தினாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து மெல்ல மெல்லத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். படுக்கையில் கிடந்த அம்மாவை ஒன்றரை வருஷம் பார்த்த கை அது. வேட்டியை மாற்ற அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தபோதுதான் முதுகைப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே எலுமிச்சம்பழம் ஒன்றை வைக்கலாம், அவ்வளவு பெரிய குழி. உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

"எத்தினி நாளா இப்டி?"

"தெரியல. என்னால அவர தனியா பொரட்ட முடியல."

மகன் வசந்தகுமார் கனடாவில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னான். வந்த இரண்டு பேரும் நாற்றம் தாங்காமல் ஒரு வாரத்தில் போய்விட்டார்கள். முதலில் எட்டிப் பார்த்த சொந்தக்காரர்களும் பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் ஏஞ்சல் தானாகவே போனாள். கையில் புண்ணுக்கு வைக்கும் காஸ் துணியும், கொதிக்க வைத்து ஆற்றிய உப்புத் தண்ணீரும் இருந்தன. அதிலிருந்து தினமும் மூன்று மணிக்கு அந்த வீடு. புண்ணைக் கழுவுவாள், உடம்பு துடைப்பாள், புரட்டிப் படுக்க வைப்பாள். அன்பாகச் செய்தாள் என்று சொன்னால் அது பொய். சில நாள், குழிக்குள் துணியை வைக்கும்போது ஓடையில் சரிந்த பெட்டி கண்முன் வந்து நிற்கும். விரல் தேவைக்கு மேல் அழுத்தும். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். உடனே கையை எடுத்துக்கொள்வாள்.

குணசுந்தரியை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கழனிக்குச் சொந்தக்காரி என்று தன் அம்மா கூப்பிட்டதுபோல 'ஆண்டம்மா' என்று கூப்பிட நாக்கு வரவில்லை. எதுவும் சொல்லாமலே பேசினாள்.

மூன்றாவது வாரத்தில் பென்னிக்குத் தெரிந்துவிட்டது. அவன் சிப்காட் கம்பெனிகளுக்குச் சாமான் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினான்.

"அந்தாளு பீய நீ அள்றியா?"

"மெதுவா பேசுடா."

"நம்மம்மா வாயில ஓடத் தண்ணி பூந்துச்சே, மறந்துட்டியா? நான் மறக்கல. நான்தான் தண்ணிக்குள்ள பெட்டிய புட்ச்சிக்கினு இருந்தேன். நீ கரையில நின்ன."

அந்தக் கடைசி வார்த்தை ஏஞ்சலைக் குத்திவிட்டது. தம்பி சொல்வதில் என்ன பிசகு? மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கே போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் நடக்கும்போது குப்புராஜ் வீட்டுக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தாள். நாற்றம் வெளியே போகட்டும் என்று பகலில் அந்தக் கதவைச் சாத்துவதே இல்லை. ஓடிப் போய்க் கதவைத் தள்ளினாள். தாழ் போடவில்லை.

வீடு பெருக்கித் துடைத்திருந்தது. குணசுந்தரி தலை வாரிப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். குப்புராஜுக்குச் சலவை வேட்டி. கட்டில் பக்கத்தில் இரண்டு டம்ளர்களில் கஞ்சி. கழனியில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு அந்த வாடை தெரியாதா? பயிருக்கு அடிக்கிற மருந்து. குப்புராஜின் மோவாயில் கஞ்சி வழிந்திருந்தது. வாயை இறுக மூடியிருந்தார். இடது கை குணசுந்தரியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"வாய தொறக்க மாட்றாரு ஏஞ்சலு," என்றாள் குணசுந்தரி. "எட்டு மாசமா எத்த குடுத்தாலும் தொறந்தாரு. இன்னிக்கி மட்டும் மாட்றாரு."

ஏஞ்சல் இரண்டு டம்ளரையும் பிடுங்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் குழி தோண்டிக் கொட்டினாள். மருந்து டப்பாவைத் தேடி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். திரும்பி வந்து ஈரத் துணியால் அவர் உதட்டைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீ குட்ச்சியா? உண்மைய சொல்லு. குட்ச்சியா?"

"இல்ல. மொதல்ல அவரு, அப்பறம் நானுன்னு நெனச்சேன்." குணசுந்தரி சுவரில் சாய்ந்தாள். "ரெண்டு நாளா நீ வர்ல."

அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை வரவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஏஞ்சல் துணியைக் கீழே வைத்தாள். அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"தப்புதான்க்கா."

ஏஞ்சலே மேலே பேசினாள். "எங்கம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப, கடைசி மாசம், ஒரு நாளு தலகாணிய கையில எடுத்துக்கினு நின்னேன்க்கா. அம்மா கண்ண தொறந்து என்ன பாத்துச்சி. கீழ வெச்சிட்டேன். இத்த யாருக்கும் சொன்னதில்ல. பென்னிக்கும் தெரியாது."

குணசுந்தரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

குப்புராஜின் உடம்பு அனலாகக் கொதித்தது. புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. நூற்றெட்டுக்குப் போன் போட்டால், வண்டி வேறு கேசுக்குப் போயிருக்கிறது, ஒரு மணி நேரமாகும் என்றார்கள். ஏஞ்சல் தம்பியைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். "வண்டி வேணும் பென்னி." அவன் போனை வைத்துவிட்டான்.

வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். கட்டிலோரம் மண்டியிட்டாள். ஜெபம் வரவில்லை. "ஏசப்பா, ஏசப்பா" என்பது மட்டும் வந்தது.

இருபது நிமிஷத்தில் மினி லாரி வாசலில் வந்து நின்றது. பென்னி உள்ளே வந்தான். முகம் கல் மாதிரி இருந்தது. குப்புராஜின் தோளுக்கடியில் கை கொடுத்து ஒரே மூச்சில் தூக்கினான்.

"இவருக்கோசரம் வர்ல," என்றான் அக்காவிடம். "நீ ஒண்டியா தூக்கி முதுக ஒட்ச்சிக்கினா யாரு பாக்கறது?"

வண்டியின் பின்பக்கம் மெத்தை விரித்து, இரண்டு பெண்களும் குழி விழுந்த ரோட்டில் அவர் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டு திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விஷம் உள்ளே போகவில்லை என்று சோதித்துச் சொன்னார்கள். ஆனால் புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்திருந்தது.

கஞ்சியின் கதையை ஏஞ்சல் அங்கிருந்த நர்ஸிடம் சொல்லிவிட்டாள். அதற்காக குணசுந்தரி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. "மானத்த வாங்கிட்ட," என்றாள். மனநல டாக்டர் ஒருவர் தினமும் வந்து குணசுந்தரி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள்தான் அவள் அவரிடம் வாய் திறந்தாள்.

ஏஞ்சல் ஒரு வாரம் லீவு போட்டாள். அப்புறம் ஷிப்ட் முடிந்ததும் பஸ் மாறி மாறி வந்து போனாள். ஒரு சாயங்காலம் குணசுந்தரி கீழே டீ வாங்கப் போயிருந்தபோது, அவரை ஒருக்களித்துப் பிடித்தபடி கேட்டுவிட்டாள்.

"எங்கம்மா பெட்டி தண்ணியில முயிகினத நீ பாத்துக்கினுதான நின்ன?"

குப்புராஜ் அவளைப் பார்த்தார். இடது கண்ணிலிருந்து நீர் வழிந்து மூக்கோரமாக இறங்கியது. மன்னிப்புக் கேட்கிறாரா, புண் வலிக்கிறதா, அவள் சொன்னது புரிந்ததா, எதையும் தெரிந்துகொள்ள வழியில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ஏஞ்சல் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் துணியை நனைத்துப் புண்ணைச் சுற்றித் துடைத்தாள். அன்றைக்கு விரல் அழுத்தவில்லை. அது மன்னித்ததாலா, களைப்பாலா என்று அவளுக்கே தெரியாது.

இருபத்திரண்டாம் நாள் காலையில் அவர் இறந்துபோனார். வசந்தகுமார் வந்தான், கொள்ளி வைத்தான். அம்மாவைக் கூட்டிப் போக விசா கிடைக்க நாளாகும் என்றான், சென்னையில் முதியோர் இல்லம் பார்க்கட்டுமா என்று கேட்டான். குணசுந்தரி மாட்டேன் என்றுவிட்டாள். காரியம் முடிந்து அவன் திரும்பிப் போனான்.

பெரிய வீட்டில் இப்போது அவள் தனியாக இருக்கிறாள். சரியாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. குளிக்காத நாட்கள் உண்டு. மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க பென்னிதான் திருவள்ளூருக்கு வண்டியில் அழைத்துப் போகிறான். போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை பேசமாட்டான். ஆனால் தேதி தவறியதில்லை.

போன வாரம் டீ நேரத்தில் ஏஞ்சலின் போன் அடித்தது.

"ஏஞ்சலு, இன்னிக்கி ஒரு மாதிரியா கீது," என்றாள் குணசுந்தரி. "கைகாலு எதுவும் ஓடல."

"ரெண்டு மணிக்கு ஷிப்டு முடியுதுக்கா. மூணுக்குலாம் வந்துருவேன். அரிசி மட்டும் களஞ்சி வெய்யி. நான் வந்து ஒல வெக்கிறேன். ரெண்டு பேரும் துன்னலாம்."

போன் அணைந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மிச்சமிருந்த மூன்று மணி நேரமும் பிசிறோடு சேர்த்து மூடியையும் வெட்டினாள், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள். பஸ் வழியில் ரயில்வே கேட்டில் நின்றபோது இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. ஊர் முனையில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

குணசுந்தரி அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்திருந்தது. முன்னால் ஒரு குண்டான் இருந்தது, அதில் இரண்டு பேருக்கான அரிசி களைந்து வைத்திருந்தது.