முந்நூறு மீட்டருக்கு வெளியே

ரோஸ்வித்தா கெம்ப்பினுக்கு வயது எழுபத்தொன்று. டோர்ட்மண்டில் ஒரு மருத்துவமனையின் நிலவறைச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் படுக்கை விரிப்புகளை மடித்தவள். கணவன் வேறொருத்தியோடு கீல் நகரத்துக்குப் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அவள் குடியிருக்கும் தெருவின் முனையில் குழாய் பதிக்க ஆட்கள் தோண்டியபோது இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் குண்டு ஒன்று அகப்பட்டது. வெடிக்காமல் கிடந்த குண்டு. சுற்றிலும் இருந்த வீடுகளையெல்லாம் காலி செய்து, எல்லாரையும் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். அன்று ஏழு பேர் அவளோடு பேசினார்கள். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நகரத்தில் எங்கே குண்டு கிடைத்தாலும், அடைக்கப்படும் தெருக்களின் பட்டியலைச் செய்தியில் பார்த்து, அதிலிருந்து ஒரு தெருவின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு, அந்த மக்களை உட்காரவைக்கும் கூடத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். மழலையர் பள்ளிக்கு அஸ்திவாரம் தோண்டிய இடத்தில் இருநூற்றைம்பது கிலோ குண்டு. சுற்றி முந்நூறு மீட்டர் காலி. கூடத்து வாசலில் பெயர் பதியும் சிவப்புச் சட்டைக்காரப் பெண் முகவரி கேட்டதும், "ஹோல்ட்ஸ்வேக், இருபத்துமூணு" என்றாள் ரோஸ்வித்தா.

பின்னால் பூனைக்கூடையோடு நின்ற கிழவர் எட்டிப் பார்த்தார். "அட, நம்ம தெருவா! நான் இருபதுல இருக்கேன். உங்களைப் பார்த்ததே இல்லையே?"

"இப்பதான் குடிவந்தேன்."

அவர் பெயர் எக்ஹார்ட் சொபோட்டா, பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். பருப்பு சூப்பை ஊதி ஊதிக் குடித்தபடி இருவரும் சீட்டாடினார்கள்.

"திருமதி கெம்ப்பின், சீட்டை மடியில ஒளிக்கிறீங்களா?"

"தோத்தா இப்படித்தான் பேசுவீங்களா? பூனைகிட்ட கேளுங்க, அது பார்த்துட்டுதான் இருக்கு."

"அதுவும் உங்க கட்சிக்கு மாறிடுச்சு. காலையில இதைக் கூடைக்குள்ள தள்ளறதுக்குள்ள என் உசிரே போச்சு. குண்டு எவ்வளவோ தேவலை."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே புதிதாகக் கேட்டது. சலவைக்கூடத்து நீராவியைப் பற்றிச் சொன்னாள், கீலுக்குப் போனவனைப் பற்றியும் சொன்னாள். அவர் மனைவி இறந்து நாலு வருடமாம். "இனிமே எதிரெதிர் வீடு. ஜன்னல்லயே கை காட்டிக்கலாம்" என்றார். அவள் சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தாள்.

நாலு மணிக்குக் குண்டைச் செயலிழக்கச் செய்துவிட்டதாக அறிவித்தார்கள். "சேர்ந்தே நடப்போம்" என்றார் சொபோட்டா. மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. ஹோல்ட்ஸ்வேக்கில் இருபத்துமூன்றாம் எண் வாசலில் நின்றதும் அவள் கைப்பையைத் துழாவினாள். உள்ளே போகட்டும் என்று அவர் காத்திருந்தார்.

"சாவி இல்லையா? என் வீட்டுக்கு வாங்க. பூட்டுக்காரனுக்கு போன் போடறேன். அதுவரைக்கும் காபி குடிக்கலாம்."

அவள் பையை மூடினாள். "நான் இங்க குடியில்லங்க."

"பின்ன?"

"ரெண்டு டிராம் நிறுத்தம் தள்ளி."

"அங்கதான் குண்டே இல்லையே?"

"இல்ல."

சொபோட்டா கூடையை மறுகைக்கு மாற்றினார். "அப்ப காலையிலேர்ந்து சொன்னதெல்லாம்?"

"தெரு மட்டும்தான் பொய்."

அவருக்குக் கோபமா கூச்சமா என்று தெரியவில்லை. "பூனைக்குப் பசிக்கும்" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போனார். அவர் வீட்டில் ஏதாவது ஒரு ஜன்னல் திறக்குமா என்று அவள் நின்றாள். ஒன்றும் திறக்கவில்லை. இரண்டு நிறுத்தமும் நடந்தே வீடு சேர்ந்தாள்.

மூன்று மாதம் கழித்துக் கால்வாய் ஓரம் இன்னொரு குண்டு கிடைத்தது; மூன்றாம் நாள் வீடுகளைக் காலி செய்யப்போவதாக அறிவித்தார்கள். போகக்கூடாது என்று இரண்டு நாள் இருந்தவள், மூன்றாம் நாள் காலை கோட்டை மாட்டிக்கொண்டாள். கூடத்து வாசலில் ஓர் இளம்பெண் முகவரி கேட்டாள். ரோஸ்வித்தா தன் சொந்த முகவரியைச் சொன்னாள்.

"அது வட்டத்துக்குள்ள வரலையேம்மா?"

"வரல. எனக்குத் தெரியும்."

பெண்ணின் பேனா நின்றது. எதையும் எழுதாமல் தாளைத் திருப்பினாள். "சூப் சூடா இருக்கு. உள்ள போய் உக்காருங்க."

ரோஸ்வித்தா ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு கணவனும் மனைவியும், அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாராவது பக்கத்தில் வந்தால் இந்தமுறை சரியான கதவெண்ணைச் சொல்லலாம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மதியம்வரை பெஞ்சின் மறுமுனை காலியாகவே இருந்தது.