வழக்கில்லாதவர்களின் பெஞ்சு

ஜொகூர் பக்கம் பாலோ என்ற ஊரில் முதன்முதலில் லோரி வாங்கிய தமிழன் நான். இதை நான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லும். ஆனால் ஊர் சொல்லும்போது கொஞ்சம் குறைத்துச் சொல்லும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு மழைக்காலம்கூட முழுதாக உட்கார்ந்தவன் இல்லை. கப்பலை விட்டு இறங்கியபோது என்னிடம் இருந்த சொத்து இரண்டு தோள்கள். அந்தத் தோள்களால் காடு வெட்டினேன், மாட்டு வண்டி ஓட்டினேன், பிறகு மாடுகளை விற்று லோரி வாங்கினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே மூட்டைகளின் மேல் இருந்த எழுத்துகளைப் பார்த்துத்தான். ஆனால் நான் மார் தட்டிக்கொள்வது லோரிக்காக அல்ல. ஜொகூர் பாருவின் பெரிய கோர்ட்டில், எனக்கென்று ஒரு வழக்கும் இல்லாமல், இவர் இந்த நாற்காலிக்கு வரக் கூடாது என்று நான் எதிர்த்த நீதிபதியின் கண் முன்னாலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தேனே, அதற்காகத்தான்.

அந்த நீதிபதி அதற்கு முன் வக்கீலாக இருந்தவர். தோட்டத் துரைமார்களுக்காகப் பேசியவர். அதில் எனக்குக் கோபமில்லை, வக்கீல் என்றால் யாராவது ஒருவருக்காகப் பேசத்தான் வேண்டும். ஆனால் ஒரு வழக்கில் எங்கள் ஆட்கள் சாட்சி சொல்லி முடித்ததும், தோட்டக் கூலிக்குச் சத்தியம் என்று ஒன்று கிடையாது, எத்தனை பேர் சொன்னாலும் கங்காணி சொல்லிக் கொடுத்த பாடம்தான் என்று எழுந்து நின்று பேசினார். அந்தப் பேச்சு ரயில் பாதையோடு வந்து லாபிஸ் வரைக்கும் பரவியது. அப்படிப் பேசிய வாயையே பெரிய கோர்ட்டுக்கு நீதிபதியாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நாங்கள் மகஜர் எழுதினோம். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள், தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. பெரிதாகவே போட்டேன்.

மகஜருக்குப் பதில் வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். எங்கள் கூட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர் தையல்காரர் ஒருவர்தான். வேதக்காரர், பாதிரியாரிடம் படித்தவர். தேத்தண்ணிக் கடையில் வைத்துப் பிரித்துப் பார்த்தார்.

“ஒரே வரிதான். கிடைச்சுதுன்னு போட்டிருக்காங்க,” என்றார்.

“என்ன கிடைச்சுதாம்?” என்று கேட்டார் எங்களோடு இருந்த பால்காரர்.

“நம்ம மகஜர்தான்.”

“அது எனக்குத் தெரியாதா? ஸ்டாம்பு ஒட்டுனவனே நாந்தான்!”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. அழுதிருந்தால்கூட விட்டிருப்பேன்.

“அவ்வளவுதான்லா,” என்றார் தையல்காரர். “ஆளு உக்காந்தாச்சு. இனிமே என்ன, நாற்காலிக் காலைப் புடிச்சு இழுக்கவா முடியும்?”

“எதுக்கு இழுக்கணும்? எதிர்ல போயி நாமளும் உக்காருவோம்,” என்றேன்.

அந்தக் கோர்ட்டுக்கு மேசை நாற்காலி ஏற்றிப் போனவன் நான். பின்பக்கம் நீளமான பெஞ்சுகள் கிடக்கும். பொதுஜனங்கள் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். எங்கள் ஜனங்கள் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குற்றவாளியாக அல்லது சாட்சியாகப் போவார்கள், கூப்பிடும்வரை வெளியே மரத்தடியில் குந்தியிருப்பார்கள். ஆளை நியமிப்பது அவர்கள் கையில் இருக்கிறது, சரி. பார்த்துக்கொண்டிருப்பது யார் கையில்? நம் கையில்தானே!

அன்று மாலையே நான், தையல்காரர், பால்காரர் மூன்று பேரும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். கூலிக்குச் சத்தியம் கிடையாது என்றவருக்குச் சத்தியம் பண்ணித்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது என் யோசனை. எங்கள் ஆட்களைக் கோர்ட்டில் வாசிக்கச் சொல்லும் வாசகமெல்லாம் சத்தியமே இல்லை. கற்பூரத்தைக் கொளுத்தி, வாக்கைச் சொல்லி, உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைக்க வேண்டும். அதற்குப் பேர்தான் சத்தியம். அடித்தபின் பின்வாங்கியவனோடு ஒருவரும் வெற்றிலை மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

தையல்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். “நான் வந்து அடிச்சா உங்க மாரியம்மா கோவிச்சுக்க மாட்டாளா?”

“உங்க மாதா கோவிச்சுக்காம இருந்தாச் சரி,” என்றார் பால்காரர்.

“ரெண்டும் பொம்பளைங்க. பேசித் தீத்துக்குவாங்க,” என்று சொல்லிக்கொண்டே தையல்காரர் உள்ளே வந்து முதல் ஆளாக அடித்தார். அடுத்து நான். கடைசியாகப் பால்காரர். தோட்டத்து வழக்கு வருகிற ஒவ்வொரு நாளும் எங்களில் ஒருவராவது அந்தப் பெஞ்சில் இருக்க வேண்டும், அவர் அந்த நாற்காலியை விட்டு இறங்கும்வரை. இதுதான் வாக்கு.

போனோம். அதிகாலை ரயிலில் ஏறி, வெளுத்த வேட்டியும் கோட்டுமாகப் போய் உட்கார்ந்தோம். முதல் நாள் காவலர் மலாய் மொழியில் என்ன வழக்கு என்று கேட்டார். வழக்கு இல்லை, பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். ஆனால் உட்கார்ந்து என்ன பயன்? எங்கள் தமிழை நீதிபதிக்கு இங்கிலீஷில் சொல்லும் துபாசி வாய்க்குள்ளேயே பேசினார். சாட்சிக்கூண்டில் நிற்பவனுக்குத் திருப்பிச் சொல்லும் தமிழும் பெஞ்சுவரை வராது. நாங்கள் பார்த்தது முகங்களைத்தான். இருந்தாலும் பாலோவுக்குத் திரும்பி, யாருக்கு என்ன ஆயிற்று என்று தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சொன்னோம். எழுந்து போனவர்கள் மெல்லத் திரும்பி வந்து கேட்க ஆரம்பித்தார்கள். அடுத்த மகஜருக்குக் கைநாட்டு முன்னைவிடக் கூடியது.

அப்புறம்தான் சோதனை வந்தது. நான் ரப்பர் ஷீட் ஏற்றிப் போகும் தோட்டத்தின் துரை, ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற ஆள் ஒருவனைத் தடியால் அடித்து வலது கையை முறித்துவிட்டார். வழக்குப் பெரிய கோர்ட்டுக்குப் போனது. என் லோரிக்கு அந்தத் தோட்டம்தான் சோறு. நான் லோரி கழுவிக்கொண்டிருந்தபோது தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி சைக்கிளில் வந்து இறங்கினார்.

“என்ன லோரிக்காரரே, அடிக்கடி ஜொகூர் போறீங்களாமே?”

“ஆமா. காத்து நல்லாருக்கு அங்க.”

“துரை கேக்கறாரு, ஷீட் ஏத்துற வேலை உங்களுக்கு வேணுமா வேணாமான்னு. அவரு வழக்கு நடக்கிற அன்னைக்கு மட்டும் நீங்க அங்க இருக்க வேணாம். ஒரு நாளுதானே!”

“அந்த ஒரு நாளைக்காகத்தான் இத்தனை நாளும் போனேன்னு துரைகிட்டச் சொல்லுங்க,” என்று சக்கரத்தில் தண்ணீரை வீசினேன். அவர் கால்சட்டையிலும் கொஞ்சம் பட்டது. பட்டால் என்ன!

அவர் போனதும் பால்காரரிடம் போனேன். துரை பங்களாவுக்கும் அவர்தான் பால் ஊற்றுகிறார். என்னைக் கண்டதும் மாட்டுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“அண்ணே, ஒண்ணு சொல்லவா? அன்னைக்குக் கோயில்ல எங் கை படறதுக்கு முன்னாடியே கற்பூரம் காத்துல அணைஞ்சிருச்சு. அப்ப அது சத்தியத்துல சேராதுல்ல?”

“கை சுட்டுச்சா இல்லையா?”

“சத்தியமா சுடலண்ணே.”

“இப்பச் சொல்றியே சத்தியமான்னு, இதை எந்தக் காத்து வந்து அணைக்கப் போவுது?”

அவர் குனிந்து மாட்டின் மடியைக் கழுவ ஆரம்பித்தார். தையல்காரரோ கல்யாண உடுப்புத் தைக்க மெர்சிங் போயிருந்தார். மிச்சம் நான் ஒருவன். வீட்டில் சொன்னேன், லோரி வேலை போய்விடும் என்று. என் மனைவி அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

“லோரி என்ன துரையோட ஷீட்டை மட்டுந்தான் தூக்குமா? அன்னாசிய ஏத்துனாப் படுத்துக்குமா? போயிட்டு வாங்க.”

இப்படிப்பட்டவளைத் தேடிக் கட்டியதும் என் சாமர்த்தியம்தான்.

கோர்ட்டில் துரை முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கிராணி அவருக்குப் பின்னால். கை முறிந்தவன் கூண்டில் ஏறினான். அவனுடைய சாட்சிகள் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் ஆட்கள் நாலைந்து பேர், வெளியே மரத்தடியில் குந்தியிருந்தார்கள். கேள்விகள் ஆரம்பித்தன. துபாசி வழக்கம்போல் முணுமுணுத்தார். கூண்டில் நின்றவனுக்கே பாதி கேட்கவில்லை. எதற்கென்று தெரியாமல் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினான். அவன் எதற்குத் தலையாட்டினான் என்று நீதிபதி எழுதிக்கொண்டாரோ! என் உடம்பு தானாக எழுந்துவிட்டது.

“ஐயா, சத்தமாச் சொல்லுங்க. இங்க கேக்கல.”

கோர்ட்டே திரும்பியது. காவலர் என் பக்கம் வந்தார். நீதிபதி கையை உயர்த்தி அவரை நிறுத்தி, துபாசியிடம் ஏதோ கேட்டார். துபாசி யாழ்ப்பாணத்துக்காரர். அப்போதுதான் அவர் குரலை முழுதாகக் கேட்டேன்.

“நீர் ஆர்? உமக்கு இந்த வழக்கிலை என்ன அலுவல் எண்டு ஐயா கேக்கிறார்.”

“அலுவல் ஒண்ணும் இல்லீங்க. ஜனங்க உக்கார்ற பெஞ்சுல உக்காந்திருக்கேன். பேசறது தமிழு, கேக்க வந்தவன் தமிழன். காதுக்கு எட்டலன்னா இந்தப் பெஞ்சு எதுக்குங்க? கூண்டுல நிக்கிறவனுக்கே எட்டல.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “ஐயா இந்த நாற்காலிக்கு வரக் கூடாதுன்னு போட்ட மகஜர்ல மொதக் கையெழுத்து என்னோடதுதான். அதையும் சேத்துச் சொல்லிருங்க,” என்றேன்.

துபாசி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “அதையும் சொல்லவோ?”

“சொல்லுங்க.”

சொன்னார். நீதிபதி என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். ஜெயிலுக்கு அனுப்பினால் லோரியை யார் ஓட்டுவது என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. ஆனால் கண்ணை எடுக்கவில்லை. அவர் தாளில் எதையோ எழுதினார். பிறகு துபாசியிடம் இரண்டே வார்த்தை சொன்னார். அதிலிருந்து துபாசி கோயில் மேளம்போல் பேசினார். கூண்டில் நின்றவன் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு, எங்கே அடித்தார், எதற்கு அடித்தார் என்று வாயால் சொன்னான். அவனுக்குப் பின் வந்த ஒவ்வொரு சாட்சியும் முதலில் என் பெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் பேசினான். கோர்ட்டு முழுக்கக் கேட்டது.

மாலையில் தீர்ப்பு. துரைக்கு விடுதலை. இதிலும் நான் பொய் சொல்லப் போவதில்லை. நாங்கள் ஜெயிக்கவில்லை.

ரயிலடியில் கிராணி என்னைத் தேடி வந்தார். “நாளையிலேர்ந்து லோரி தோட்டத்துப் பக்கம் வர வேணாம்,” என்றார். சரி என்றேன். அவர் நகராமல் நின்றார், நான் கெஞ்சுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். லயத்து ஆட்கள் கொஞ்சம் தள்ளி ஒரு மூட்டையைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் கேட்ட அந்தச் சிரிப்பு இங்கேயும் வந்துவிடுமோ என்று எனக்குப் பட்டது. கிராணி காதில் விழட்டும் என்றே தொண்டையைச் செருமிக்கொண்டு அவர்களைப் பார்த்துக் கேட்டேன்:

“என்னப்பா, வர்ற மாசம் இன்னொரு தோட்டத்து வழக்கு இருக்கு. காலையில மொத ரயிலு. யாரு யாரு வர்றீங்க?”

கை முறிந்தவன், கட்டுப் போட்டிருந்த வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையைத் தூக்கினான்.