சின்னவள் வீட்டு மரத்தரை

துபாயில் நாங்கள் குடியிருந்த பழைய வில்லாவை வீட்டுக்காரர் நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார். ஒரு பாதியில் நாங்கள், மறுபாதியில் என் கணவரின் தம்பி குடும்பம். இரண்டு பக்கமும் கூடத்தில் மரத்தரை. முன்பு இருந்தவர்கள் ஷூ காலோடு நடந்து நடந்து அது கன்னங்கரேலென்று கிடந்தது. மாமியார் முதல்முறையாக விசிட் விசாவில் வருகிறார் என்றதும், மெஷினை வாடகைக்கு எடுத்துத் தரையைத் தேய்த்து வார்னிஷ் போடுவோம் என்று அண்ணனும் தம்பியும் கிளம்பினார்கள்.

எனக்குத் தரை பெரிதில்லை. மாமியார் யார் வீட்டில் தங்கப்போகிறார் என்பதுதான் பெரிது. மூத்தவள் நான். ஆனால் அவருக்குச் சின்ன மருமகள் என்றால் உயிர். போனில் அவளோடு அரைமணி நேரம் பேசுவார், என்னிடம், "சாப்டியா, சரி, வையி." எனக்கு வயிறு எரியும். "வந்து ரெண்டு வீட்டையும் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று வேறு சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை நானும் கணவரும் சத்வாவில் ஒரு பட்டாணியர் கடையில் மெஷின் எடுக்கப் போனோம். கணவர் மெஷினை வண்டியில் ஏற்றப் போனபோது கடைக்காரர் என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். "வார்னிஷ் தக் பானி மாஃபி, பாபி!" வார்னிஷ் அடிக்கும்வரை தண்ணீர் படக்கூடாதாம். பட்டால் மரத்தின் நார் எழுந்துகொள்ளும், மறுபடி தேய்க்க வேண்டிவரும் என்றார்.

முதலில் எங்கள் வீடு. கணவர் மெஷினை ஓடவிட்டபடியே ஆபீஸ் போனை எடுத்துப் பேசிக்கொண்டு நின்றார். நின்ற இடத்தை மெஷினின் உப்புத்தாள் உருளை தின்றுவிட்டது. வாசல் பக்கம் தோசைக்கல் அளவுக்குப் பள்ளம். கொழுந்தனார் அதைப் பார்த்துச் சுதாரித்து, தன் வீட்டில் எங்கும் நிற்காமல் ஒரே சீராகத் தள்ளிக்கொண்டு போனார். சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். தேன் நிறத்தில் ஒரு தரை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆண்கள் மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார்கள். சின்னவள் தலையெல்லாம் தூசியோடு நின்றாள்.

"அக்கா, பவுடர் கொட்டுன மாதிரி கெடக்கு. பெருக்கப் பெருக்கப் போவ மாட்டேங்கு. என்ன செய்ய?"

கடைக்காரர் சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"ரெண்டு வாளித் தண்ணியை ஊத்தி நல்லாக் கழுவி விடு" என்றேன்.

கழுவினால்தான் வீடு சுத்தம் என்று வளர்ந்தவள், மறுபேச்சில்லாமல் ஊற்றினாள். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். பொய் சொல்வானேன்.

காலையில் அவள் தரை சவரம் செய்யாத கன்னம்போல் சொரசொரவென்று நின்றது. உட்கார்ந்து அழுதாள். கொழுந்தனார் சத்வாவுக்கு ஓடி அந்தக் கடைக்காரரையே அழைத்து வந்தார். அவர் தரையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "அச்சா கியா!" நல்லதாகப் போயிற்றாம். எழுந்த நார் நன்றாகக் காய்ந்தபிறகு நைஸ் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அத்தனையும் அறுபட்டு, முன்னைவிட வழவழப்பாகுமாம். கைதேர்ந்தவர்கள் வேண்டுமென்றே தண்ணீர் காட்டுவார்களாம். மறுநாள் மெஷினோடு வந்து அவரே ஓட்டியும் கொடுத்தார்.

"எல்லாம் எங்க அக்கா ஐடியா!" என்றாள் சின்னவள், முகமெல்லாம் சிரிப்பாக.

"மதினிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கொழுந்தனார் வியந்தார். கடைக்காரர் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஏசியைப் பார்த்தேன்.

வார்னிஷ் காய்ந்து நாலாம் நாள் மாமியார் வந்தார். என் வீட்டுப் பள்ளத்தில் அவருக்குக் கால் இடறியது. அடுத்த வீட்டுக்குப் போனோம். வெறுங்காலோடு கூடம் முழுக்க நடந்தார், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவினார்.

"தண்ணி ஊத்திக் கழுவச் சொன்னதே அக்காதான், அத்தை" என்று சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியா? பொறவு ஒன் வீட்டுக்கு ஏன்ட்டி ஊத்தல?"

சின்னவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டாள்.