சிலுவையைக் கழற்றி வைத்தவர்

என் அண்ணன் ஓட்டியது பிண வண்டி. சபைச் செயலாளர் காதில் விழும்படி அப்படிச் சொன்னால் முகம் சுளித்து, "அமரர் ஊர்தின்னு சொல்லுங்கக்கா" என்று திருத்துவார். உள்ளே படுத்திருப்பவர் எழுந்து வந்து கோபித்துக்கொள்ளப் போவதில்லை என்பது என் கட்சி. அண்ணனுக்கு எந்தப் பெயரானாலும் ஒன்றுதான். டயரில் காற்று இருக்கிறதா, பின்கதவு ஒரே தள்ளில் மூடுகிறதா, இந்த இரண்டை மட்டும் பார்ப்பார்.

அதற்கு முன்பு சரக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகு தேய்ந்தபின் சபை வண்டிக்கு வந்தார். கல்யாணம் ஆகவில்லை. லாரி ஓட்டியபோதே பெண் அமையவில்லை. பிண வண்டிக்கு வந்தபின் கேட்கவே வேண்டாம். என் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தார். வேலை முடிந்து வந்தால் பின்பக்கக் குழாயடியில் குளித்து, உடுப்பை அங்கேயே அலசிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார். என் கணவர் உயிரோடு இருந்த காலத்தில், "மச்சான் குளிக்கிற சத்தம் கேட்டா யாரோ போயிட்டாங்கன்னு அர்த்தம்" என்பார்.

எங்கள் பகுதிக்கே அந்த ஒரு வண்டிதான். சபை வாங்கியதுதான் என்றாலும் எல்லாரும் கூப்பிடுவார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், எங்கேயும் போகாதவர்கள். கூரையின் முன்பக்கத்தில் ஓர் இரும்புச் சிலுவை நான்கு போல்ட்டில் நின்றது. இறந்தவர் நம் சபைக்காரர் இல்லையென்றால் அண்ணன் ஸ்பானரோடு கூரையேறி அதைக் கழற்றுவார். பழைய போர்வையில் சுற்றி என் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டுக் கிளம்புவார். அவரை யாரும் கழற்றச் சொன்னதில்லை. "அவங்க வீட்டு துக்கத்துல நம்ம போர்டு எதுக்கு?" என்பார். அவர் படித்த வேதசாஸ்திரம் அவ்வளவுதான்.

"அரிசி டின்னை மறைச்சுக்கிட்டு நிக்குது. ஆண்டவரைக் கொஞ்சம் தள்ளி வைக்கக் கூடாதா?" என்று நான் கத்துவேன்.

"அவரு ஒண்ணும் சொல்லல. உனக்குத்தான் வாய்."

இப்படியே ஊர் முழுக்க அவருக்கு ஸ்பானர் என்று பெயராகிவிட்டது.

கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி போல்ட்டுகளின் மரை தேய்ந்துவிடும். பள்ளிவாசல் தெருவில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர்தான் புதிதாகக் கடைந்து கொடுப்பார். அண்ணன் லாரி ஓட்டிய நாளிலிருந்து பழக்கம். அவர் மூக்கு நுனியில் தொங்கும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "உலகத்துலயே போல்ட்டு தேயற சிலுவை உன்னோடதுதான் மச்சான்" என்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். யார் யாருக்குப் பெண் கொடுத்தீர்கள் என்று நான் கேட்டால், "இனிமேதான் தேடணும் தங்கச்சி" என்பார் லேத்துக்காரர். அவர் மகன் அண்ணனை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவன், சந்தையில் கடை வைத்திருந்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தேர்தலில் நம்ம ஆள் ஜெயித்தார்.

நம்ம ஆள் என்றால் நம் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர், நம் பெஞ்சில் உட்கார்ந்தவர். நாங்கள் எண்ணிக்கையில் கொஞ்சம் பேர், குனிந்தே பழகியவர்கள். நம்மில் ஒருவர் மேலே போனால் நம் தலை கொஞ்சம் நிமிரும் என்று நினைத்தோம். அதில் தப்பு என்ன என்று அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அவர் அமைச்சரும் ஆனார். போதகர் பீடத்தில் நின்று, கர்த்தர் நம் கையில் செங்கோலைக் கொடுத்திருக்கிறார் என்று ஜெபித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன், பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

பதவிக்கு வந்த கையோடு அமைச்சர் சந்தைக் கட்டடத்தின் மாடியில் ஓர் அறையைப் பூட்டி முத்திரை வைக்கச் சொன்னார். வியாபாரிகள் தொழுகிற அறை அது. அனுமதி வாங்கவில்லையாம். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நம் ஜெபக்குழு கூடுகிற அறைக்கும் அனுமதி கிடையாது. அந்தக் கதவுப் பக்கம் ஓர் அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை. நான் செய்தியைப் படித்துவிட்டு, "அது அரசியல்" என்று பேப்பரை மடித்து வைத்தேன். அண்ணன் "பாவம்" என்றார். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்து, அமைச்சர் சபைக்குப் புது வண்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார். வெள்ளை நிறம், நல்ல நீளம், உள்ளே குளிர்சாதனம். கூரைமேல் ஆளுயரச் சிலுவை, ஓரமெல்லாம் எரிகிற சின்னச் சின்ன விளக்குகளோடு. அண்ணன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கூரையேறிப் பார்த்தார். போல்ட்டே இல்லை. வெல்டு வைத்திருந்தார்கள்.

சபைக் கூட்டத்தில் அண்ணன் எழுந்து நின்று, மற்றவர்கள் வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டார். அவருக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பாதியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது.

போதகர் சிரித்தார். "நாம யாரையும் ஒதுக்கலயே தம்பி. யாரு கேட்டாலும் வண்டி போகும். சிலுவையோட நிழல்ல போறது அவங்களுக்கும் ஆசீர்வாதம்தானே? போர்வையில சுத்தி ஒளிச்சு வெச்ச காலம் முடிஞ்சுது. மறுதலிக்கிறவன் பாடு என்னன்னு வேதத்துல இருக்கு."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. எழுந்தேன்.

"ஐயா, ஆண்டவரைச் சிலுவையில ஏத்தினது யாரு? ஆட்சியில இருந்த தேசாதிபதியும் அவனோட சேவகரும். பொழுது சாயறதுக்குள்ள எப்படியாவது இறக்கிடணும்னு அலைஞ்சவங்கதான் அவரோட மனுஷங்க. எங்கண்ணன் இறக்கற வேலையைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தாரு. நீங்க வெல்டு வைக்கிறீங்க."

செயலாளர், "அக்கா, சபைக்குள்ள அரசியல் பேசாதீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பழைய வண்டி அந்த மாதமே காயலான் கடைக்குப் போனது.

நான் சொன்னதில் இன்றைக்கும் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அப்போது நானும் அண்ணனும் அந்தக் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு எங்கேயும் எங்கள் கண் போகவில்லை.

மற்றவர்கள் கூப்பிடுவது மெல்ல மெல்ல நின்றது. சந்தைக்குக் காய்கறி ஏற்றும் லாரியைக் கழுவி அதில் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். அண்ணனுக்கு வேலை குறைந்தது. தினமும் வண்டியைத் துடைத்து வைப்பார், பேச்சைக் குறைத்துக்கொண்டார். லேத்துக்காரருக்கு அந்த நேரம் பார்த்து நுரையீரல் கெட்டுப்போனது. அண்ணன் நாள் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். மூச்சு வாங்க வாங்க லேத்துக்காரர் அண்ணன் கையைப் பிடித்தார்.

"என்னை நீதான் கொண்டுபோகணும் மச்சான். வேற எவன் கையிலயும் விட்டுடாதே."

"நான் இருக்கேன்ல. வாயை மூடிட்டுப் படு."

"உங்க சபையில விடுவாங்களா?"

"அது என் பாடு" என்றார் அண்ணன். அந்த நாளிலிருந்து அவருக்கு இந்த ஒரே கவலைதான். அவர் வாழ்க்கையில் யாரும் அவரிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. கேட்ட ஒருவருக்குச் செய்து முடித்துவிட வேண்டும் என்று துடித்தார்.

ஒரு காலையில் லேத்துக்காரரின் மனைவி போன் செய்தார். "அண்ணே, உங்க மச்சான் போயிட்டாருண்ணே." அன்றைக்கே அடக்கம். அவர்களுடைய அடக்க நிலம் பாலத்துக்கு அந்தப் பக்கம், வண்டி இல்லாமல் முடியாத தூரம்.

அண்ணன் நேராகப் போதகர் வீட்டுக்குப் போனார். வெட்டக்கூட வேண்டாம், சிலுவைமேல் ஒரு துணியாவது சுற்றிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். போதகர் செயலாளருக்குப் போன் போட்டார், செயலாளர் அமைச்சர் அலுவலகத்துக்குப் போட்டார். பதில் சீக்கிரமே வந்தது. வண்டி தாராளமாகப் போகலாம், எப்படி இருக்கிறதோ அப்படியே போக வேண்டும்.

அண்ணன் வண்டியை என் வீட்டுப் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். கையில் இரும்பு அறுக்கும் பிளேடு இருந்தது.

"வேலை போயிடும்ணே."

"போகட்டும். நீ மேல ஏறிப் பிடிச்சுக்க, விழுந்துடப் போகுது."

ஏணி வைத்து ஏறினேன். சின்ன வயதிலிருந்து கர்த்தருக்குப் பயந்து வளர்ந்தவள் நான். சிலுவையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன், அண்ணன் அடியில் அறுத்தார். வெல்டு கல்லாக இருந்தது. ஒரு பிளேடு உடைந்தது, விரலில் ரத்தம் வந்தது. கர்த்தர் பார்த்துக்கொண்டிருந்தால் பார்க்கட்டும் என்றுதான் இருந்தது. அறுபட்டதும் இருவருமாகத் திண்டாடி இறக்கி வீட்டுக்குள் வைத்தோம். அண்ணன் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு தெளிவு. சட்டையை மாற்றிக்கொண்டு, "ஏறு, நேரமாச்சு" என்றார்.

பள்ளிவாசல் தெரு குறுகல். பழைய வண்டி அதில் வளைந்து நெளிந்து போய்விடும். இந்த நீள வண்டி சுவரை உரசிக்கொண்டுதான் நுழைந்தது. வாசலில் கூட்டம். லேத்துக்காரரின் மகன் வண்டிக்கு முன்னால் வந்து கையைக் காட்டி நிறுத்தினான்.

"வண்டியை எடுத்துட்டுப் போங்க மாமா."

அண்ணன் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார். "அதை எடுத்துட்டேன்டா. மேல பாரு."

மகன் நிமிர்ந்து பார்த்தான். அறுத்த இடம் வெயிலில் பளபளவென்று தெரிந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடுதான் சொன்னான்.

"சிலுவை எங்களுக்கு எப்ப மாமா உறுத்துச்சு? அதுக்கு போல்ட்டு கடைஞ்சு கொடுத்ததே அப்பாதானே. நீங்களா கழட்டினீங்க, நீங்களா மாட்டினீங்க. நாங்க எதாவது சொன்னோமா?" வண்டிக் கதவில் கையை வைத்தான். "இந்தப் பேரு மாமா. நான் தொழுத இடத்தைப் பூட்டினவன் பேரு. இதுக்குள்ளயா எங்கப்பாவைப் படுக்க வைக்கணும்?"

அண்ணன் இறங்கிக் கதவைப் பார்த்தார். நானும் இறங்கிப் பார்த்தேன். அமைச்சரின் பெயர், சாண் உயர எழுத்தில், சிவப்பாக. அண்ணன் தினமும் துணியால் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்த எழுத்து. எங்கள் இருவருக்கும் அது கண்ணில் பட்டதே இல்லை. தன் வீட்டுக் கதவில் இருக்கும் தன் பெயரை யார் நின்று படிக்கிறார்கள்?

"துணி கட்டி மறைச்சுடறேன்டா" என்றார் அண்ணன்.

"அந்தப் பக்கமும் இருக்கு மாமா. பின்கதவுலயும் இருக்கு."

அண்ணன் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம், "நான் கூட வரலாமாடா?" என்று கேட்டார்.

"வாங்க. முதல்ல இதைத் தெருவை விட்டு எடுங்க. லாரி உள்ள வரணும்."

முன்னால் எடுத்துத் திருப்ப இடமில்லை. பின்னாலேயே போக வேண்டும். நான் பின்னால் நடந்து வழி சொல்ல, அண்ணன் ஒவ்வொரு அடியாக ஓட்டினார். துக்கத்துக்கு வந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மெயின் ரோட்டிலும் நிறுத்த இடம் கிடைக்காமல் எங்கேயோ தள்ளிக் கொண்டுபோய் விட்டோம். திரும்பி வந்தபோது லாரி கிளம்பிப் போயிருந்தது, வாசல் காலி.

வேலை போனதைப் பற்றி நான் புலம்பப் போவதில்லை. சபை ஆட்கள் வந்து வண்டியை எடுத்துப் போனார்கள், சிலுவை மறுபடி ஏறியது, ஓட்ட வேறு ஆள் வந்தான். போதகர் பீடத்திலிருந்து பேர் சொல்லி அண்ணனை மன்னித்தார். வண்டியில் தன் பெயரை எழுத வைத்தவரை யாரும் மன்னிக்க வேண்டியிருக்கவில்லை, அவர்மேல் யாருக்கும் குறையே இல்லை. நம்ம ஆள் என்று யாராவது வாயெடுத்தால் இப்போது எனக்கு வயிறு எரிகிறது.

அன்றைக்கு அண்ணன் அந்த முதுகோடு பாலத்தைப் பார்த்து ஓடினார். நான் பின்னால் ஓடினேன். பாலத்தின் மேல் ஓர் ஆட்டோ கிடைத்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மகன் எங்களைப் பார்த்து நின்றான்.

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சோடே கேட்டார்.

"லாரி வழியில ரொம்பக் குலுக்கிச்சாடா?"

"ஆமா" என்றான் அவன். "கயிறு போட்டுக் கட்டினோம்."