பேச்சியம்மாள் பாடியதும் சதாசிவத்தின் ஒலிபெருக்கியும்

“உங்க தோட்டத்துப் பேச்சியம்மாளுக்குக் குரலே இல்லையாமே, நெசமா தம்பி?”

கெலாங் பாத்தாவில் வேலை தேடி அலைந்தபோது ஒரு கடைக்காரர் கேட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து எதற்கும் சட்டென்று பதில் சொல்பவன் நான். அதற்கு மட்டும் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். போன வருடக் கோயில் திருவிழாவில் அவர் பாடியபோது நான் ஊரில் இல்லை. தோட்டத்துக்குத் திரும்பியதும் சதாசிவத்திடம் கேட்டேன்.

சதாசிவம் உலு திராம் பக்கத்தில் உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்து லாரி டிரைவர். சிங்கப்பூரில் பழைய ஒலிபெருக்கி ஒன்று வாங்கி லாரி பேட்டரியில் ஓட்டுகிறார். பேச்சியம்மாள் பால்மரம் சீவுகிறவர். அவர் பாடினால் பக்கத்து மர நிரையில் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஆனால் எங்கள் கோயில் மேடையில் பெண்கள் பாடும் வழக்கம் இல்லை. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் கங்காணி ராஜசேகரனிடம் அவருக்காக மல்லுக்கட்டியதே சதாசிவம்தான்.

“ஒரே பாட்டுதான்லா, அண்ணே.”

“சரி. நல்லா இல்லன்னா, இனி எந்தப் பொம்பளையும் மேடை ஏறக்கூடாது.”

ஒலிபெருக்கியில் முதலில் பிள்ளையார் பாட்டு இசைத்தட்டுதான் ஒலிக்க வேண்டும் என்பது எங்கள் கோயில் கட்டுப்பாடு. அதற்குமுன் மைக்கில் ‘ஹலோ’ சொல்லிப் பார்க்கக்கூடாது. ஆகவே போன வருடத் திருவிழாவில் சதாசிவம் இசைத்தட்டை ஓடவிட்டு, காதுக்கு இதமாகும்வரை ஒலியளவுத் திருகைத் திருப்பினார். பிறகு இசைத்தட்டு ஒயரைப் பிடுங்கி, அதே துளையில் மைக் ஒயரைச் செருகினார். திருகைத் தொடவில்லை. இசைத்தட்டிலிருந்து வரும் ஒலி பலமாக உள்ளே போகும், மைக்கிலிருந்து மெல்லியதாகத்தான் போகும் என்று அவர் யோசிக்கவே இல்லை.

பேச்சியம்மாள் பாடியது முன்வரிசையைத் தாண்டவில்லை.

“என்னம்மா, சாமிகிட்ட ரகசியம் பேசுறியா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

சதாசிவம் பதறித் திருகை முழுக்கத் திருப்பினார். மெஷின் வீலென்று ஊளையிட்டது. குழந்தைகள் அலறினார்கள். பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார்.

“பாத்தீங்களா, மெஷினுக்கே பொறுக்கல,” என்றார் கங்காணி. கூட்டம் சிரித்தது.

தப்பு யாருடையது என்று சதாசிவத்துக்குத் தெரியும். சொன்னால் இனி யாரும் தன்னைக் கூப்பிடமாட்டார்களே என்று குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னிவரைக்கும் அவங்க லாரியில ஏறினா, பின்பக்கக் கண்ணாடியப் பாக்குறதில்ல தம்பி,” என்றார் என்னிடம். “இப்ப இசைத்தட்டு ஒயர்ல ஒரு சின்னத் தடை வச்சிருக்கேன். அது சத்தத்த மைக் அளவுக்குக் கொறச்சிடும். இசைத்தட்டுக்குச் சரியா வச்சா மைக்குக்கும் சரியா வரும்.”

“மெஷினத் திருத்திட்டீங்க. அவங்ககிட்ட சொன்னீங்களாண்ணே?”

“போடா,” என்றார்.

இந்த வருடத் திருவிழாவில் பிள்ளையார் பாட்டு முடிந்ததும் சதாசிவமே மைக்கை எடுத்தார்.

“போன வருசம் பேச்சியக்கா பாட்டக் கெடுத்தது என் மெஷினு. தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல. வெக்கமா இருக்கு. அக்கா, வந்து பாடுங்க.”

ஒவ்வொரு சொல்லும் தொழிலாளர் குடியிருக்கும் லயம்வரை கேட்டது. கங்காணி வேறு பக்கம் பார்த்தார். பெண்கள் பேச்சியம்மாளைத் தள்ளினார்கள். அவர் அசையவில்லை.

“சாமி கும்பிடத்தான் வந்தேன்,” என்றார்.

சதாசிவம் மைக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அவரைச் சொல்லத் தூண்டிய எனக்கும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

போன வருடத்துச் சிரிப்பு பொந்தியான் ஊர்வரை போயிருக்கிறதாம். சதாசிவம் சொன்னது எங்கள் தோட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. இதைப் படிப்பவர்கள், இங்கே நடந்ததை நடந்தபடி உங்கள் தோட்டத்திலும் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.