தோட்டத்தில் கிடைத்த சிவன்

என் கணவர் திருமூர்த்தி அவிநாசியில் பிறந்து, டெக்சாஸில் எண்ணெய்க் குழாய்களை டிசைன் செய்து பிழைப்பவர். அவருடைய பிடிவாதம் அந்தக் குழாய்களை விடக் கெட்டி.

ஹூஸ்டனிலிருந்து வெகு தள்ளிப் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் வீடு வாங்கினோம். இரண்டாம் உலகப்போர் காலத்தில் பாராசூட் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்த முகாம் அங்கேதான் இருந்ததாம். பில்டர் அதையே விளம்பரமாக்கியிருந்தார். நுழைவாயிலில் பாராசூட் சிற்பம். எங்கள் தெருவுக்கு ஜம்ப் டவர் லேன் என்று பெயர். வானத்திலிருந்து குதிக்கப் பழகியவர்கள் தரையில் இறங்கி வேறு என்ன பழகினார்கள் என்று யாருமே கேட்கவில்லை.

சென்ற மார்ச்சில் வில்வக் கன்று நடக் குழி தோண்டிய இவர், "ப்ரியா! ஓடி வா!" என்று கத்தினார். ஒரு சாண் உயரத்தில், மண் இறுகி, கல்லா இரும்பா என்று தெரியாத ஒரு உருளை. தலை மட்டும் உருண்டை. ஏதோ பழைய பைப் என்றேன்.

"வில்வம் நடற இடத்துல சிவனே வந்திருக்காரு. பைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?" என்றார்.

பதினோரு வருடமாக வராத கிரீன் கார்டு அந்த மாதமே வந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்? உருளை பித்தளைத் தாம்பாளத்தில் ஏறியது. தினமும் பால், விபூதி, கற்பூரம். பிரதோஷத்துக்கு அக்கம்பக்கத்துத் தமிழர்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் ஐந்து வயது மகன் க்ரிஷ் அதன் தலையில் பூ வைப்பான். பாலில் மண் கரையக் கரைய, கழுத்தில் ஒரு உலோக வளையம் தெரிந்தது. சிவன் கழுத்துப் பாம்பு என்றார் இவர்.

ஜூனில் ஒரு பிரதோஷத்துக்குப் பத்மராணி ஆன்ட்டி முதல்முறையாக வந்தார். இலங்கையில் கிளிநொச்சிக்காரர். சண்டை முடியும்வரை வன்னியில் இருந்துவிட்டு, இங்கே மகள் வீட்டுக்கு வந்தவர். தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. ஆன்ட்டி பூஜை அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, கற்பூரத்தை நூத்துப்போடுங்கோ, நெருப்பு வேண்டாம். பிள்ளையை வெளியால கொண்டு போங்கோ. உது சாமியில்லை. வெடிக்காத ஷெல்."

"பூஜை நேரத்துல என்ன பேச்சு ஆன்ட்டி? இவர் வந்தப்புறம்தான் எங்களுக்கு எல்லாமே க்ளியர் ஆச்சு," என்றார் என் கணவர்.

"என்ர பெடியனும் இப்பிடி ஒண்டைக் கொண்டு வந்து வச்சு விளையாடினவன், தம்பி."

க்ரிஷ் பூவோடு கையை நீட்டிக்கொண்டிருந்தான். நான் அவனை வாரி எடுத்துக்கொண்டு ஓடினேன். இவர் எரிகிற கற்பூரத்தை வெறும் கையால் பொத்தி அணைத்துவிட்டு, எல்லோரையும் வெளியே தள்ளினார்.

போலீஸ் வந்து தெருவையே காலி செய்தது. வெடிமருந்து இன்னும் உள்ளே அப்படியே இருக்கிறது என்றார்கள். மணல் நிரப்பிய வண்டியில் அதை ஏற்றி, தூரத்து வயலுக்குக் கொண்டுபோய் வெடிக்க வைத்தார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் பழக்க தோஷத்தில் இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ராணுவத்திலிருந்து வந்த இருவர் உலோகம் கண்டுபிடிக்கும் ஒரு கருவியை வைத்துக்கொண்டு புல்வெளி முழுக்க நடந்தார்கள். அது சத்தம் போட்ட இடத்திலெல்லாம் ஒரு சிவப்புக் கொடியைக் குத்தினார்கள். வில்வக் குழியைச் சுற்றி, பக்கத்து வீட்டுத் தோட்டத்தில், க்ரிஷின் ஊஞ்சலுக்கு அடியில்.

கொல்லைப்புறப் படியில் நின்ற க்ரிஷ் ஒவ்வொரு கொடியாகக் கை காட்டினான்.

"அப்பா, ஆர் தே ஆல் சாமி?"

இவர் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவன் காலை உதைத்து அழுதும், உள்ளே போய்க் கதவைப் பூட்டும்வரை கீழே இறக்கவேயில்லை.